ஆடி போகட்டும்

1

பிரான்சில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று புதுச்சேரி முதலியார்பேட்டையில் யார் கேட்டாலும், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள்.

"கோர்ட்டு வேலை."

கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நான் நீதிமன்றத்தில் வேலை செய்யவில்லை. பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சின்னச் சங்கம் ஒன்றில் வேலை. வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடமும் எடுக்கிறேன். ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்றால் சட்டப்படி என்னென்ன நடந்தாக வேண்டும், என்னென்ன நடக்கவே கூடாது என்பதுதான் பாடம்.

இதை முதல் தடவை அம்மாவிடம் விளக்கியபோது அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"வூட்ட காலி பண்றதுக்கு ஒரு படிப்பா?"

"காலி பண்ணாம இருக்கறதுக்கும்மா."

"அப்போ ஹவுஸ் ஓனருக்கெல்லாம் நீ எதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "நாமளும் இப்போ ஹவுஸ் ஓனருதான். ஞாபகம் வெச்சிக்க."

அதை அவள் சொன்ன விதத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவரும் அம்மாவும் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார்கள். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நாங்கள் குடியிருந்த வீடுகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சின்னத் தெருவே வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். கல்லூரி, பிரெஞ்சு, சட்டம், விமானம் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. அப்பா போய்ச் சேர்ந்த பின் அம்மா பேரில் கட்டிய வீடு இது. கீழே அவள் இருக்கிறாள், மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. வாசலில் மார்பிள் பலகையில் அவள் பெயர். அதை வாசிக்க அவளுக்கு இப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனாலும் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள்.

2

பிரான்சில் எங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. என் கணவர் காரைக்கால்காரர். மகள் இனியாவுக்கு ஆறு வயது. தமிழ் அவள் காதுக்குள் நன்றாகப் போகிறது, வாய்வழியாக வெளியே வரும்போது பிரெஞ்சாகிவிடுகிறது.

நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி, குளிர்கால விலக்கு. நவம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை, நீதிமன்றமே உத்தரவு போட்டிருந்தாலும் யாரையும் வீட்டைவிட்டு இறக்கிவிட முடியாது. ஏப்ரல் பிறந்தால்தான் மறுபடி கதவைத் தட்டலாம். "அப்போ மார்ச் முப்பத்தொன்று ராத்திரி எல்லோரும் தூங்காமல் கிடப்பார்களா?" என்று ஒருதடவை மாலி நாட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். ஆமாம், பலர் தூங்க மாட்டார்கள் என்றேன். கேட்டவள், தனக்கு முன்னமே தெரிந்ததை நான் சரிபார்த்துச் சொன்னதுபோலத் தலையாட்டினாள்.

முதல் தடவை இந்த விலக்கைப் படித்தபோது எனக்கு ஆடி மாதம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மார்கழியிலும் கிடையாது. வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த மாதங்களில் அடக்கிக்கொள்வார். "ஆடி போகட்டும், பாத்துக்கலாம்" என்பார். இது ஆறுதல் வார்த்தை மாதிரி இருக்கும். ஆனால் புதுச்சேரியில் வாடகை வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அதன் பொருள் தெரியும்: ஆவணியில் சாமானைக் கட்ட வேண்டும். எங்கள் அம்மா இதைக் கேட்டுவிட்டு வந்த நாட்களில் பேசாமல் பரணிலிருந்து சாக்குகளை இறக்கி உதறுவாள். சண்டை இல்லை, காகிதம் இல்லை. பிரான்சில் ஒரு குடும்பம் சாமானைக் கட்டும் நிலைக்கு வர எத்தனை காகிதம், எத்தனை தவணை!

காகிதம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு முறையும் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க, கணினியில் நேரம் குறிக்கக் காத்திருந்து, குறித்த நேரத்துக்குப் போனால் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, கையில் ஒரு தற்காலிக ரசீதோடு நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்போம். அடுத்தவருக்கு உரிமையை விளக்கும் நானே அந்த வரிசையில் நிற்கும்போது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். கடைசி நேர்காணலில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அன்பாகவே கேட்டார்: "உங்கள் வாழ்க்கையை இங்கேயே அமைத்துக்கொள்ள நினைக்கிறீர்களா?"

ஆமாம் என்றேன். பிரெஞ்சில், தெளிவாக, உச்சரிப்புப் பிசகாமல். தமிழில் அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

3

இந்த ஆண்டு பிரான்சின் கோடை விடுமுறையில், இங்கே ஆடி மாதம், ஊருக்கு வந்தபோது, நான் படித்த அரசுப் பெண்கள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டார். பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஒரு மணிநேரம் பேச முடியுமா என்றார். "என்ன பேசறது மேடம்?" என்றேன். "அங்க பேசறதையே பேசும்மா. இங்க பாதிப் பிள்ளைங்க வாடகை வீடுதானே."

அங்கே பேசுவதை அப்படியே இங்கே பேச முடியாது. சட்டம் வேறு. நகரத்தில் வழக்கறிஞராக இருக்கும் தோழியிடம் உட்கார்ந்து நம் ஊர் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் படித்துக் குறித்துக்கொண்டு போனேன்.

முதல் வாக்கியத்திலேயே சறுக்கினேன். "உங்க வீட்டுக்காரர் வெளிய போன்னு சொன்னா, நீங்க உடனே போகணும்னு அவசியமில்ல" என்றேன். வகுப்பு குபீரென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவல மிஸ்!" ஒன்பது ஆண்டுகளாக வேறு மொழியில் பேசியதன் பலன். அதற்கப்புறம் மரியாதையாக 'ஹவுஸ் ஓனர்' என்றே சொன்னேன்.

பிரான்சில் செய்வதுபோல ஒரு நாடகம் போடலாம் என்றேன். அங்கே எல்லோரும் நீதிபதி வேடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். இங்கே முழு வகுப்பும் ஹவுஸ் ஓனர் வேடத்துக்குக் கை தூக்கியது. வாடகைக்காரராக இருக்க ஒருத்தியும் வரவில்லை. "அதான் தெனமும் இருக்கோமே மிஸ்" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ரெஹானாவைப் பார்த்தேன். எங்கள் மாடி வீட்டுப் பெண். அவள் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் பைகள் விற்கும் கடை. நான்கு ஆண்டுகளாக மேலே இருக்கிறார்கள். வந்த புதிதில் படிக்கட்டுக் கம்பியில் சறுக்கிக்கொண்டு இறங்குவாள். இப்போது இரட்டைப் பின்னலும் சீருடையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். "ரெஹானா, நீ வா, நீதான் வாடகைக்கு இருக்கறவ" என்று உரிமையோடு கூப்பிட்டேன்.

ஹவுஸ் ஓனராக வந்தவள் பிறவி நடிகை. துப்பட்டாவை முந்தானை மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, நேத்து உங்க வூட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தாங்களா? தண்ணி சர்ர்ருனு எறங்குது. மோட்டாரு எரியுது, கரண்டு பில்ல உங்கப்பனா கட்றாரு? ஒருநாளைக்கு ஒருதபாதான் போடுவேன். இஷ்டமிருந்தா இருங்க. ஆடி போவட்டும், பாத்துக்கலாம்."

பெஞ்சுகள் அதிர்ந்தன. "எங்க ஓனர் மாதிரியேடீ!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். நான் பலகையில் எழுதினேன்: தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டு மாற்றுவது ஆகியவை நம் ஊரிலும் சட்டத்துக்கு எதிரானவை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. எழுதிவிட்டுத் திரும்பி, "ரெஹானா, இப்போ நீ என்ன பதில் சொல்லுவ?" என்றேன்.

அவள் நடிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"மிஸ், ஓனரோட பொண்ணு நல்லவங்களா இருந்தா அவங்ககிட்ட சொல்லலாமா? இல்ல, நேரா கம்ப்ளெய்ன்ட்தான் குடுக்கணுமா?"

வகுப்பு இதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. என் கையில் சாக்பீஸ் இருந்தது. "முதல்ல சொல்லலாம்" என்றேன். "கண்டிப்பா சொல்லலாம்."

4

எங்கள் வீட்டில் கீழே முனிசிபல் தண்ணீர் நேராகக் குழாயில் வரும். மேலே தண்ணீர் வேண்டும் என்றால் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்ப வேண்டும். மோட்டார் சுவிட்ச் அம்மாவின் சமையலறையில், உப்பு ஜாடிக்கு மேலே இருக்கிறது. நான் கீழே குளித்துக் கீழே துவைத்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பள்ளியிலிருந்து வந்த கையோடு மாடிக்குப் போனேன். ரெஹானாவின் அம்மா நூர்ஜஹான் அக்கா வாசலில் நின்று, நிரம்பிய குடங்களைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு பதற்றம்.

"அய்யோ கலை, அவ ஸ்கூல்ல ஏதாச்சும் பேசிட்டாளா? மனசுல வெச்சிக்காதம்மா, சின்னப் பொண்ணு."

"அவ சரியாத்தான் கேட்டா அக்கா. அம்மா உங்கள காலி பண்ணச் சொன்னாங்களா?"

"வாயால சொல்லல. உங்கம்மா என்னிக்குமே கடுசா ஒரு வார்த்த பேசினதில்ல. போன மாசம் படியில நின்னுக்கினு, ஆடி போவட்டும் நூருன்னாங்க. அவ்ளோதான். அப்பறம் மோட்டாரும் கொறஞ்சிடுச்சி." சிரிக்கப் பார்த்தார். "எங்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? நாங்க எந்த மாசமும் வூடு மாத்துவோம். ஆனா வூடு குடுக்கறவங்க ஆடி பாக்கறாங்களே, அதனால தப்பிச்சி நிக்கறோம்."

"வேற வீடு பாத்தீங்களா?"

"கருவடிக்குப்பம் வரைக்கும் பாத்தாச்சி. போன்ல எல்லாம் சரிம்பாங்க. பேர் கேட்டதும், இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்பாங்க. உங்கம்மா ஒருத்தங்கதான் பேர் கேட்டுட்டு, எத்தன பேரு, சாவி இந்தான்னாங்க." அவர் குரல் இறங்கியது. "மார்ச்சு வரைக்கும் இருந்துட்டா போதும் கலை. பரீட்ச முடிஞ்சிடும். அவளுக்கு நர்சிங் போவணும்னு இருக்கு. நடுவுல தூக்கிக்கினு ஓடினா படிப்பு கெட்டுடும்னு பயப்படறா. எங்க வூட்ல இவ்ளோ தூரம் படிச்ச மொதல் ஆளு அவதான்."

மார்ச் என்று அவர் சொன்னது என் காதில் தனியாக ஒலித்தது. உள்ளறையில் ரெஹானா உயிரியல் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்களைக் கேட்காததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

5

அம்மா சமையலறையில் இனியாவுக்கு முருங்கைக்கீரை அடை தட்டிக்கொண்டிருந்தாள். இனியா மேடைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல தண்ணி ஏன் வரலம்மா?"

"யாரு சொன்னா? வருது. காலைல போட்டேனே."

"ஒருதடவ போட்டா அஞ்சு பேருக்குப் போதுமா?"

அம்மா அடையைத் திருப்பினாள். "ஓ. இன்னிக்கி பள்ளிக்கூடத்துல இதான் பாடமா? உன்ன கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சது எனக்கே நோட்டீசு விடறதுக்கா? சொல்லு, கோர்ட்டு எந்தத் தேதிக்கு வரச் சொல்லுது?"

"கிண்டல் பண்ணாத. நம்மள எத்தன ஓனர் இப்படிப் பண்ணியிருக்காங்க. ஆடியில நீ சாக்கு உதறுவ, ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் மறக்குமா?" என்றாள். "அதனாலதான் நூருகிட்ட நான் எறங்குன்னு சொல்லல. அவளாப் புரிஞ்சிக்கட்டும்னு வுட்டேன். மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தைய சொல்ல எனக்கு வாய் வரல கலை."

இதுதான் என் அம்மா. மனசு நோகக்கூடாது என்பதற்காக வாயைக் கட்டி, கையால் மோட்டாரை அணைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நல்ல வாடகைக்காரங்க. எதுக்கு எறங்கணும்?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் இதைச் சொல்ல அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கண்ணில் வெளிச்சம்.

"உனக்குத்தான்டி. மேல காலி பண்ணி வெள்ள அடிச்சி, கொழந்தைக்கு வேக்குதேன்னு ஏசி மாட்டலாம்னு இருக்கேன். அந்தச் சின்ன ரூம்ல உன் வூட்டுக்காரர் உக்காந்து கம்ப்யூட்டர் பாக்கலாம். நீ இங்கயே கோர்ட்டுக்குப் போலாம், நம்ம கோர்ட்டும் கோர்ட்டுதான? எப்படியும் வரப்போறவங்கதான நீங்க. வந்து இறங்கறப்போ வூடு ரெடியா இருக்கணுமில்ல."

நான் ஒருபோதும் வருகிறோம் என்று சொன்னதில்லை. வரமாட்டோம் என்றும் சொன்னதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் இது பேசாமலே ஓடும். இந்த முறையும் சிரித்து மழுப்பிவிட்டு மோட்டாரை மட்டும் நான் போட்டிருக்கலாம். இன்னும் சில வாரங்களில் நான் விமானம் ஏறுவேன். ஆவணியில் மாடி காலியாகும். அம்மா வெள்ளை அடித்து, ஏசி மாட்டி, பூட்டிவைப்பாள். ரெஹானா ஏதோ ஓர் உறவினர் வீட்டு மூலையில் உட்கார்ந்து படிப்பாள். நாங்கள் இல்லாத வீடு எங்களுக்காகக் காத்திருக்கும்.

அப்போது இனியா அடையைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் என்னிடம் எதையோ கேட்டாள்.

"இன்னா கேக்குது கொழந்த?" என்றாள் அம்மா.

எத்தனையோ குடும்பங்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லையும் விழுங்கக் கூடாது, ஒரு சொல்லையும் மெருகேற்றக் கூடாது என்பதுதான் எங்கள் சங்கத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

"நாம எப்ப வீட்டுக்குப் போறோம்னு கேக்கறா."

"இதான்டா கண்ணு வூடு" என்று அம்மா இனியாவின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு அதுதாம்மா வீடு" என்றேன். "எங்களுக்கும். நாங்க அங்கயேதான் இருக்கப்போறோம். வருசா வருசம் லீவுக்கு வருவோம். உன்கூட கீழ படுத்துப்போம். மேல வேணாம்மா."

அடை கருகும் வாசனை வந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன். அம்மா இனியாவின் வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ சந்தோசமா இருக்கியா அங்க?"

"இருக்கேம்மா."

"மரியாதையா நடத்தறாங்களா?"

"நடத்தறாங்க. பிள்ளைங்க எல்லாம் மேடம் மேடம்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடணும்" என்றாள். "எம் பொண்ணு சும்மா இல்ல." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவள் சுவிட்ச் பக்கம் போகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் ஏறினாள். முட்டி வலி என்று மாதக்கணக்கில் ஏறாத படிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். நான் பின்னால், இனியா எனக்குப் பின்னால்.

நூர்ஜஹான் அக்கா பதறிப்போய் வாசலுக்கு வந்தார். "இன்னாக்கா, கூப்ட்டிருந்தா நானே எறங்கி வந்திருப்பேனே!" அவருக்குப் பின்னால் ரெஹானா, புத்தகத்தில் விரலைச் செருகிக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். இந்த முறை மாதத்தின் பெயர் எதையும் சொல்லவில்லை.

"நூரு, நீங்க எங்கயும் போவ வேணாம். பொண்ணு படிச்சி முடிக்கட்டும். அதுக்கப்பறமும் இருங்க. வூட்டப் பூட்டி வெச்சி நான் இன்னா பண்ணப்போறேன்? கலைக்காகத்தான் கேட்டேன். கலை வரல."

நூர்ஜஹான் அக்கா ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதோ நிக்கறாளே அக்கா!"

"இவளா?" அம்மா என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "இவ லீவுக்கு வந்திருக்கா."